கழுவி வைத்த டிஸ்க்

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். இந்தத் தவக்காலத்துக்கு இரண்டு ஒறுத்தல்கள். ஒன்று, ஈஸ்டர் வரை மீன், கறி, முட்டை கிடையாது. இரண்டு, கோபப்படுவதில்லை. முதலாவது எனக்குப் பெரிய காரியமில்லை. இரண்டாவதற்குத்தான் இந்த நாட்குறிப்பு. கோபம் வந்தால் வாயால் சொல்லாமல் இங்கே எழுதிவிடுவதாக மாதாவிடம் சொல்லியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். தூத்துக்குடி ஹார்பரில் சரக்கு ஆபீஸ் வேலை போன பிறகு, ஆன்லைனில் ஒரு கோர்ஸ் படித்து, சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தார். வீட்டிலிருந்தே வேலை. இன்னும் நிரந்தரமாக்கவில்லை. இந்த வேலையைக் குருத்தோலை ஞாயிறுக்குள் முடித்துக் கொடுத்தால் ஆக்குவார்களாம். அந்தக் கோர்ஸை நானும் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே கேட்டவள். அதனால் கொஞ்சம் ஒத்தாசை செய்கிறேன். ஒத்தாசை மட்டும்தான்.

வேலை என்னவென்று எனக்கே தெளிவதற்காக எழுதி வைக்கிறேன். கடைக்காரர்களுடைய புரோகிராம்களைக் கம்பெனி வாடகைச் சர்வர்களில் ஓட்டுகிறது. ஒவ்வொரு புரோகிராமும் ஒரு கண்டெய்னருக்குள் இருக்கும். ஒரு சர்வர் படுத்துவிட்டால் கண்டெய்னர் இன்னொரு சர்வரில் தானாக எழுந்துகொள்ளும். ஆனால் வெறுங்கையோடு எழுந்திருக்கும். உள்ளே எழுதி வைத்ததெல்லாம் பழைய இடத்தோடு போய்விடும். ஆகவே எழுதுவதைத் தனியாக ஒரு டிஸ்க்கில் வைக்க வேண்டும். அதுவும் கிளவுடில் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு டிஸ்க் ஒரு நேரத்தில் ஒரு சர்வரில்தான் மாட்டியிருக்கும். கண்டெய்னர் இடம் மாறினால் டிஸ்க்கைப் பழைய சர்வரிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும். ஆள் தலையிடாமல் அதைச் செய்கிற துண்டு புரோகிராமுக்குப் பெயர் பிளகின். அதைத்தான் அவர் எழுத வேண்டும்.

சிலிண்டர் இன்று மாற்றியது. போனது பொங்கலுக்கு மறுநாள் வைத்தது. பரவாயில்லை.

மார்ச் 7, வெள்ளி

டிஸ்க் உருவாகிறது. மாட்ட மறுக்கிறது. காலை முழுக்க இதே கதை. "கோரிக்கை செல்லாது" என்று மட்டும் பதில் வருகிறது. ஏன் செல்லாது என்று ஒரு வார்த்தை இல்லை. உளுந்து அரைத்து முடித்து வந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. கிளவுடை மண்டலம் மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். டிஸ்க்கை ஒரு மண்டலத்தில் எடுத்திருக்கிறேன், சர்வர் அடுத்த மண்டலத்தில் இருக்கிறது. ஒரே ஊர், ஒரே கிளவுட், ஆனாலும் மாட்டாது. அதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? இது கோபமில்லை, கேள்வி.

மாலையில் சிலுவைப்பாதை. ஏழாம் தலத்தில் ஆண்டவர் இரண்டாம் முறை விழுகிறார். நான் முழங்காலில் இருந்தேன், மனம் மண்டலத்தில் இருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

இன்றைக்கு வேறு வம்பு. நான் ஒரு பெயர் கொடுத்து டிஸ்க்கை மாட்டுகிறேன். சர்வர் சரி சரியென்று கேட்டுக்கொண்டு, உள்ளே தன் இஷ்டத்துக்கு வேறு பெயர் வைத்துக்கொள்கிறது. நான் வைத்த பெயரில் தேடினால் அப்படி எதுவுமே இல்லை என்கிறது. டிஸ்க் அங்கேயேதான் இருக்கிறது. மாட்டியவள் நான். எனக்கே இல்லை என்கிறது.

கடைசியில் பெயரை நம்புவதை விட்டுவிட்டு, டிஸ்க்கின் வரிசை எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கும்படி எழுதினேன். எழுதினோம். அவருடைய லாகினில் ஏற்றியாயிற்று.

மார்ச் 14, வெள்ளி

ஜெனோவா மதினி வந்திருந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. வந்ததும் வராததுமாக நான் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பதைப் பார்த்துவிட்டார்.

"ஏ எமில்டா, எப்பப் பாத்தாலும் நீதான் இதுக்கு முன்னாடி இருக்கே. கிளிட்டஸ் எங்க?"

"கடைக்குப் போயிருக்காவ மதினி."

"வேல அவனுக்கா உனக்கா?"

"சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன். அணைஞ்சிரக் கூடாதுல்லா."

அதற்குள் அவர் மல்லித்தழையோடு வந்துவிட்டார். மதினி விடவில்லை.

"தம்பி, ஹார்பர்லயும் கண்டெய்னரத்தான் எண்ணுனே. இப்பவும் கண்டெய்னர்தானாம். எண்ணுததுக்கா அந்த மெட்ராஸ் ஆபீஸ் பொம்பள இங்கிலீஷ்ல ஏசுதா?"

"அது வேற கண்டெய்னர் அக்கா. இதுக்குள்ள டேட்டா இருக்கும். அதுக்கு டிஸ்க் மாட்டுத பிளகின் ஒண்ணு எழுதிட்டு இருக்கேன்."

"நீயா?"

"பின்ன?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. முறத்தை எடுத்து மல்லித்தழையை ஆய உட்கார்ந்துவிட்டார். மதினி என்னைப் பார்த்தார். நான் காப்பி போடப் போனேன். காப்பியில் சர்க்கரையே இல்லை என்று மதினி சொன்னார். மறந்திருப்பேன்.

மார்ச் 18, செவ்வாய்

எதுவும் ஓடவில்லை. அவர் கேட்கவும் இல்லை. ரசம் வைத்தேன்.

மார்ச் 21, வெள்ளி

மாட்டுவது நேராகிவிட்டது. இப்போது கழற்ற முடியவில்லை. "கழன்றுகொண்டிருக்கிறது" என்று காட்டிக்கொண்டே இருக்கிறது. நான் துணி துவைத்துக் காயப்போட்டு வந்தேன், அப்போதும் கழன்றுகொண்டிருந்தது. மடித்து வைத்தேன், அப்போதும்.

அவர் பின்னால் வந்து நின்றார். "ஃபோர்ஸ்னு ஒரு பட்டன் இருக்குல்லா. அத அமுக்கு."

"எழுதிக்கிட்டு இருக்குதவன் கையில இருந்து பேனாவப் பிடுங்கலாமாங்க? பாதி எழுத்து அங்கயும் பாதி இங்கயும் போயிரும்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. செவ்வாக்கிழம வைதேகி மேடம் கேப்பாவ."

வைதேகி என்பவர் அவருடைய டீம் லீடர். கேட்பார்தான். கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் இவர். இவருக்குத் தெரியாதாம். நான் வாயைத் திறக்கவில்லை, மாதா சாட்சி.

பிறகு பிடிபட்டது. டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன்னால் சர்வருக்கு உள்ளே அதை மூடச் சொல்ல வேண்டும். மூடாமல் இழுத்தால் அது விடாது. வரிசையை மாற்றினேன். உடனே கழன்றது.

மார்ச் 25, செவ்வாய், மங்கள வார்த்தைத் திருநாள்

மீட்டிங்குக்காக அவருடைய சட்டையைத் தேய்த்துக் கொடுத்தேன். காமிராவில் சட்டைதான் தெரியும், கீழே கைலி. கேட்கக்கூடிய கேள்விகளையும் பதில்களையும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதித் திரைக்குப் பின்னால் ஒட்டியிருந்தேன். வாசித்தார். நன்றாகவே வாசித்தார். அவருக்குக் குரல் நல்ல குரல், கோயிலில் வாசகம் வாசிக்கிறவர்.

வைதேகி தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டார். இரண்டு கண்டெய்னர்கள் ஒரே டிஸ்க்கைக் கேட்டால் என்ன ஆகும்? இவர், "மேடம், நெட் கட் ஆகுது" என்று காமிராவை அணைத்துவிட்டு அடுக்களைக்கு ஓடி வந்தார்.

"ரெண்டு பேரு ஒண்ணையே கேட்டா?"

"முதல்ல கேட்டவங்களுக்கு. ரெண்டாவது ஆள் காத்துக்கிடணும். பூட்டு வச்சிருக்கேன்."

திரும்பி ஓடினார். "பூட்டு வச்சிருக்கேன் மேடம்" என்றார்.

வைதேகியின் குரல் அடுக்களை வரை கேட்டது. "ரொம்ப சுத்தமா யோசிச்சிருக்கீங்க கிளிட்டஸ். நம்ம டீம்ல இப்படி யாரும் எழுதறதில்ல."

"தேங்க்யூ மேடம்."

அவ்வளவுதான். எனக்கு அதில் ஒன்றுமில்லை. குடும்பத்துக்குள் யார் செய்தால் என்ன? கடவுளுக்குத் தெரியும். கடவுளுக்குத் தெரிந்தால் போதும் என்று இன்றைக்கு ஜெபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் சொல்லிக்கொண்டேன்.

நெட் கட் ஆனது என்று சொன்ன பொய்யை அவரே பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பரிசோதனை. கம்பெனி கொடுத்த டிஸ்க்குக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறது. யார் பணமாக இருந்தாலும் வீணாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியாது. ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் புது டிஸ்க் எடுத்து, மாட்டி, ஒரு வரி எழுதி, வாசித்து, சரியென்றதும் அழித்துவிடுகிறேன். இடம் மாற்றுவதற்குத் தனிச் சோதனை. காலி டிஸ்க்கை ஒரு சர்வரிலிருந்து கழற்றி மற்றதில் மாட்டிப் பார்த்தேன். கழன்றது, மாட்டியது, எல்லாம் பச்சை.

இன்னொன்றும் சேர்த்தேன். புது டிஸ்க்கை அப்படியே பயன்படுத்த முடியாது, ஃபார்மேட் செய்தால்தான், அதாவது சுத்தமாகத் துடைத்துக் கோடு போட்டால்தான், எழுத வரும். ஒரு முறை அதை மறந்துபோய் ஒரு காலைப்பொழுது வீணானது. ஆகவே மாட்டியவுடன் ஃபார்மேட் செய்துவிடும்படி வைத்துவிட்டேன். கழுவாமல் எதையும் அடுப்பில் ஏற்றுவதில்லை என்பது என் வீட்டு வழக்கம், கடையிலிருந்து வந்தாலும் சரி, மதினி வீட்டிலிருந்து வந்தாலும் சரி.

ஏப்ரல் 4, வெள்ளி

ஏற்றியாயிற்று. வைதேகிக்கு முழுதும் வாசிக்க நேரமில்லையாம். மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். முதலில் ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும். ஈரோட்டில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற கடை. பிள்ளைகளுடைய அளவுகளை வகுப்பு வகுப்பாக எடுத்து இதில் ஏற்றுகிறார்கள். லீவு விடுவதற்குள் எடுத்தால்தான் ஜூனுக்குள் தைக்க முடியும்.

ஏப்ரல் 9, புதன்

ஓடுகிறது. ஈரோட்டுக்காரர் போன் பண்ணி நன்றாக இருக்கிறது என்றாராம். ஈஸ்டர் முடிந்ததும் நிரந்தர ஆர்டர் என்று வைதேகி சொல்லிவிட்டார். இவர் மக்ரூன் வாங்கி வந்தார். முட்டை சேர்ந்தது, நான் தொடவில்லை. நாலு பேருக்கு "என் பிளகின்" என்று மாடியில் நின்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். துணி எடுக்கப் போனேன், கேட்டது. துணியை எடுக்காமலே இறங்கிவிட்டேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

குருத்தோலையில் சிலுவை முடைந்து திரைக்கு மேல் வைத்தேன். நல்ல வெயில்.

ஏப்ரல் 15, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

ஈரோட்டுக் கடை ஓடிக்கொண்டிருந்த சர்வர் பழுதாகிப் படுத்துவிட்டது. கண்டெய்னர் இன்னொரு சர்வரில் எழுந்துகொண்டது. பிளகின் தன் வேலையைச் செய்தது. டிஸ்க்கைக் கழற்றியது, கொண்டுபோய் மாட்டியது, மாட்டியவுடன் ஃபார்மேட் செய்தது. காலையில் கடைக்காரர் சென்னியப்பன் திறந்து பார்த்தால் ஒரு பிள்ளையின் அளவுகூட இல்லை.

வைதேகி ஸ்பீக்கரில் பேசினார். நான் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"கிளிட்டஸ், மாட்டும்போதெல்லாம் ஃபார்மேட் பண்ணுன்னு எழுதியிருக்கீங்க. உள்ள ஏதாவது இருக்கான்னு பார்க்கவே இல்ல. எதுக்கு இப்படி எழுதினீங்க?"

நான் துருவுவதை நிறுத்தினேன்.

"சொல்லுங்க. எதுக்கு?"

"மேடம், அத நான் எழுதல."

"பின்ன யாரு?"

"என் ஒய்ஃப். எல்லாத்தையும் அவதான் எழுதினா. நான் ஒரு எழுத்துகூட மாத்தல."

பாராட்டு வந்த அன்றும் நான் அடுக்களையில்தான் இருந்தேன். அன்றும் இதே தூரம்தான்.

"அவங்க அங்க இருக்காங்களா?" என்று வைதேகி கேட்டார். கையைத் துடைத்துக்கொண்டு போனேன். இவர் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றார்.

"வணக்கம் மேடம். எமில்டா பேசுறேன்."

"நீங்களா எழுதினீங்க?"

"ஆமா மேடம்."

"எதுக்கு ஃபார்மேட்?"

"கழுவாம வைக்கக் கூடாதுன்னு மேடம்."

"என்னது?"

"வெளிய இருந்து வார பாத்திரத்தக் கழுவித்தான வைப்போம். மொதல்ல காலியாத்தான வந்துச்சு. அடுத்த தடவ சோத்தோட வரும்னு எனக்குத் தோணல."

"டெஸ்ட்ல கூடவா தெரியல?"

"டெஸ்ட் முடிஞ்சதும் டிஸ்க்க அழிச்சிருவேன் மேடம். வாடக ஓடும்லா."

"அந்த வாடகை ஒரு டீ காசும்மா."

"எனக்கு அது தெரியல மேடம்."

"கம்பெனிக்கு வெளிய இருக்கிற ஆள் உள்ள வந்து எழுதியிருக்கீங்க. அது தனித் தப்பு. வாசிக்காம விட்டது என் தப்பு. ரெண்டையும் அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

கம்பெனி வாரம் ஒரு பிரதி எடுத்து வைக்கிறது. போன வியாழன் வரைக்கும் உள்ளது திரும்பக் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு எடுத்த இரண்டு பள்ளிக்கூடங்களின் அளவுகள் போனது போனதுதான். அதில் ஒரு பள்ளிக்கூடம் நாளைக்கு லீவு விடுகிறது. அந்தப் பிள்ளைகள் ஜூனில் எதைப் போட்டுக்கொண்டு போவார்கள்? இது முழுக்க என் கை செய்தது. அதில் யாரையும் சொல்வதற்கில்லை.

துருவிய தேங்காயை மூட மறந்துவிட்டேன். எறும்பு.

ஏப்ரல் 16, புதன்

காலையில் அவரே காப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

"எமி, கோவமா?"

"தவக்காலம்."

கட்டிலோரம் உட்கார்ந்தார். "ஃபார்மேட் இடத்த மட்டும் சரி பண்ணிரு. என் லாகின்லயே ஏத்திருவோம். யாரு போட்டா என்ன, ஓடுனாச் சரி."

"யாரு போட்டா என்னன்னா, நேத்து ஏன் யாரு போட்டான்னு சொன்னிய?"

"பயந்துட்டேன்."

"நானுந்தான் பயந்தேன். நாந்தான்னு சொல்லல?"

அவர் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தம்மா புகழ்ந்தப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம்னு நெனப்பேன். ஹார்பர்ல வேல போனதுல இருந்து யாரும் என்ன அப்படிச் சொன்னதில்ல."

அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இத்தனை நாள் எழுதிக் கொடுத்தேன். அதை வாயால் சொல்லவில்லை. சொன்னது இது மட்டும்: "உங்க லாகின்ல இனி எழுத மாட்டேன். எனக்குன்னு ஒண்ணு கொடுத்தா எழுதுவேன். இல்லன்னா யாரு வேணா எழுதட்டும்."

"கொடுக்கலன்னா என் வேல போயிரும்."

"போனாலும்."

எழுதி முடித்துவிட்டு இந்தச் சொல்லைத் திரும்ப வாசிக்கிறேன். போனாலும் என்று சொல்லியிருக்கிறேன். அதை அடித்து அழிக்கவில்லை.

மத்தியானம் வைதேகி என் போனுக்கே பேசினார். நம்பரை இவர் கொடுத்திருக்கிறார்.

"யார் எழுதினாங்களோ அவங்கதான் சரி பண்ணணும். இதை வேற ஆள்கிட்ட கொடுத்தா புரிஞ்சுக்கவே ஒரு மாசம் ஆகும். உங்களை ஒரு மாசத்துக்கு முறைப்படி எடுத்துக்கறேன். அதுக்கப்புறம் தெரியாது. சம்மதமா?"

"என் பேர்லயா மேடம்?"

"பின்ன யார் பேர்ல?"

சம்மதம் என்றேன். இவருடைய வேலை என்ன ஆகும் என்று கேட்டேன். அதை இவரிடமே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

காலையிலிருந்து இவர் போனில் இருக்கிறார். சென்னியப்பனிடம் முதலில் அரை மணி ஏச்சு வாங்கினார். பிறகு அந்த இரண்டு பள்ளிக்கூடத்து டீச்சர்களையும் ஒவ்வொருவராகப் பிடித்தார். லீவு விட்ட பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரவழைக்க ஹெட்மாஸ்டரிடம் கெஞ்சினார், சிரிக்க வைத்தார், கடைசியில் சனிக்கிழமை காலை என்று வாங்கிவிட்டார். "தப்பு எங்க வீட்டுத் தப்பு சார்" என்று சொன்னார். எங்கள் கம்பெனி என்று சொல்லியிருக்கலாம். வீடு என்றார்.

வைதேகி இவரை வாடிக்கையாளர்களிடம் பேசுகிற பிரிவுக்கு மாற்றிவிட்டார். நிரந்தரம் தள்ளிப்போய்விட்டது. வேலை போகவில்லை.

எனக்கு லாகின் வந்தது. பெயர் கேட்டது. எமில்டா கிளிட்டஸ் என்று அடித்து, கொஞ்சம் பார்த்து, பின்பாதியை அழித்தேன்.

திருத்தம் இதுதான்: மாட்டியவுடன் முதலில் உள்ளே பார்க்க வேண்டும். ஏதாவது இருந்தால் கைவைக்கக் கூடாது. காலியாக இருந்தால் மட்டும் ஃபார்மேட். இந்த முறை டிஸ்க்கை அழிக்கவில்லை. அதே டிஸ்க்கில் எழுதி, சர்வருக்குச் சர்வர் மாற்றி மாற்றி மாட்டி, எழுதியதை வாசித்துப் பார்த்தேன். வாடகை ஓடியது. ஓடட்டும்.

ஏற்றிவிட்டுப் பாதம் கழுவும் சடங்குக்குப் போனோம்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

இன்று கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. கஞ்சி.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பூசை, மதினி வீட்டில் சாப்பாடு, கறி, எல்லாம் ஆயிற்று. சனிக்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்தில் முக்கால்வாசிப் பிள்ளைகள் வந்துவிட்டார்களாம், மீதிப் பேருக்கு வீட்டுக்கே ஆள் அனுப்புகிறாராம் சென்னியப்பன். மதினியிடம் இவரே எல்லாவற்றையும் சொன்னார், எழுதியது யார் என்பதையும். மதினி குழம்பை ஊற்றிக்கொண்டே, "அது எனக்கு மல்லித்தழ ஆஞ்ச அன்னைக்கே தெரியும்" என்றார்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் வைதேகி என் திருத்தத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. இந்த முறை வரிவரியாக வாசித்திருக்கிறார். பக்கம் முழுக்கச் சிவப்பு. ஒவ்வொரு குறையும் "எமில்டா" என்று தொடங்குகிறது.

எமில்டா, இந்தப் பெயர் புரியவில்லை. எமில்டா, இங்கே பூட்டைத் திறக்காமலே வெளியே வருகிறீர்கள். எமில்டா, இதற்குச் சோதனை எங்கே? பெரிய குறை ஒன்று. உள்ளே பார்க்கும்போதே பழுது ஏற்பட்டு, பார்க்கவே முடியாமல் போனால், என் புரோகிராம் அதைக் காலி என்று எடுத்துக்கொண்டு ஃபார்மேட் செய்துவிடும். பார்க்க முடியவில்லை என்றால் காலி என்று அர்த்தமா எமில்டா, நிறுத்திவிட்டுச் சத்தம் போட வேண்டாமா என்று கேட்டிருக்கிறார்.

அதை வாசித்தபோது காது சூடாகிவிட்டது. அவர் சொல்வது சரி. திரும்பவும் அதே பள்ளத்தில் விழப் பார்த்திருக்கிறேன். அதை உடனே திருத்தினேன். மற்றவற்றையும் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருத்தினேன். இவர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வெங்காயம் உரிக்கப் போனார்.

ஒன்று மட்டும் மிச்சம். கழற்றுவது தாமதமானால் ஃபோர்ஸ் பட்டனை அமுக்கிவிடும்படி மாற்றச் சொல்கிறார். அது தவறு. அப்படிச் செய்தால் எழுதிக்கொண்டிருப்பது பாதியில் அறுந்துபோகும், இன்னொரு கடைக்காரரின் கணக்கு இதேபோல் போகும். அவர் பெரிய படிப்புப் படித்தவர், நான் ஒரு மாதத்துக்கு வந்தவள்.

பிறகு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அடித்தேன்: "வைதேகி மேடம், மற்றதெல்லாம் திருத்திவிட்டேன். இதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். காரணம் கீழே." காரணத்தை எழுதி முடித்து, அடியில் பெயர் போடப் போனேன். தேவையே இல்லை. என் லாகினோடு அது முன்பே அங்கே இருந்தது.

அனுப்பிவிட்டேன்.